தளபதி கட்சியும் தலைவி கட்சியும்

எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. தளபதி கட்சியில் என் மாமனார் ஒருவர்தான் உறுப்பினர். தலைவி கட்சியில் நான் ஒருத்தி. மாமியார் எதிலும் சேரவில்லை. "ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு சண்டை போடுங்க, பாத்திரம் தேய்க்கணும்" என்பதோடு அவர் அரசியல் முடிந்துவிடும்.

சண்டைக்குக் காரணம் ஒரு டிவி தொடர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் லீவில் வந்தபோது சுவரில் பெரிய டிவியை மாட்டி, வெளிநாட்டுத் தொடர்கள் வரும் ஆப் ஒன்றையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பார். மாமனார் பட்டாளத்தில் இருபத்தாறு வருஷம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். முகப்பில் ஒரு ஆள் துப்பாக்கியும் கையுமாக நிற்பதைப் பார்த்து, சண்டைப் படம் என்று நம்பி அதைப் போட்டுவிட்டார். பத்து நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது, துப்பாக்கிக்காரன் நிற்பது பூமியிலேயே இல்லை என்று.

காற்றே இல்லாத ஏதோ ஒரு நிலவில் கண்ணாடிக் கூரை போட்டு ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற ஒரு படை, படைக்கு ஒரு தளபதி. குடியிருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அவைத் தலைவி ஒருத்தி. தலைவி ஆவதற்கு முன்னால் அவள் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் கூரையில் விரிசல் விழும், ஒரு நாள் காற்று குறையும், ஒரு நாள் எங்கிருந்தோ எதிரி வருவான். எது வந்தாலும் கடைசியில் சண்டை ஒன்றுதான். யார் முடிவு எடுப்பது? தளபதியா, தலைவியா?

தமிழில் பேசவைத்திருந்தார்கள். தமிழ் என்றால் நாம் பேசுகிற தமிழ் இல்லை. தலையில் கண்ணாடிக் குடுவையை மாட்டிக்கொண்டு, மூச்சு முட்டுகிற நேரத்தில், "தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கிறேன் தளபதியாரே" என்பான் ஒருவன். எனக்குச் சிரிப்பு தாங்காது. மாமனாருக்கு அது பிடித்திருந்தது. ஒழுங்காகப் பேசுகிறான் பார், மரியாதை தெரிந்தவன் என்பார்.

நான் இதில் தலைவி பக்கம் போனதற்குக் காரணம் இருக்கிறது. நானும் தலைவிதான். பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊராட்சிக்கு. மாமனார்தான் தேர்தலில் நிற்பதாக இருந்தது. இந்த முறை பெண்களுக்கு என்று ஒதுக்கீடு வந்ததும், வீட்டில் மாமியாரை விட்டால் வேறு பெண் இல்லாததால் நான் நின்றேன். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டார். ஜெயித்தும் விட்டேன். அதன் பிறகு என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிளார்க் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தால் மாமனாரிடம் கொடுப்பார். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படிப்பார், ஒரு எழுத்து விடாமல். பிறகு என்னிடம் வரும், நான் கையெழுத்துப் போடுவேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் படித்த ஃபைலில் ஒரு குறையும் யாரும் கண்டுபிடித்ததில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். குறை இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அந்தச் சண்டையை எல்லாம் ஏழு மணிக்கு டிவி முன்னால் போட்டேன்.

"கமிட்டி கூட்டிக்கிட்டு இருந்தா காத்து நிக்குமாம்மா? ஆயிரம் பேரு செத்துருவான்" என்பார் மாமனார்.

"செத்துருவாங்கன்னு பயம் காட்டித்தானே மாமா அவரு எல்லாத்தையும் கையில எடுத்துக்கறாரு? கூரை ஓட்டைய அடைச்சப்புறம் திருப்பிக் குடுத்தாரா?"

"அவளுக்கு என்ன தெரியும்? கொழாய் மாட்டுனவ."

"கொழாய் மாட்டுனவளுக்குத்தான் தண்ணி எங்க போவும்னு தெரியும்."

இப்படிப் பேசுவதில் நான் கெட்டிக்காரி. என் வாய்க்கு முன்னால் சுபேதார் பல நாள் பின்வாங்கியிருக்கிறார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தக் கோபம் எல்லாம் எங்கள் கூடத்துக்குள், அதுவும் நிலவில் நடக்கிற விவகாரத்தில் மட்டும்தான் வேலை செய்தது.

மாமனாரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். ஒருநாள் அவரே சொன்னார். அவர் சர்வீஸில் இருந்தபோது வடக்கே ஏதோ ஒரு ஜில்லாவில் வெள்ளம். இவர்கள் பட்டாளக் கம்பெனி லாரியோடும் படகோடும் தயாராக நிற்கிறது. ஆனால் அந்த ஊர்க் கலெக்டர் எழுத்தில் கேட்கும்வரை கர்னல் ஒரு படகைக்கூட இறக்கவில்லை. கலெக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கர்னல் எழுந்து நின்று அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்.

"அதான் முறை. ஊருக்குள்ள பட்டாளம் தானா எறங்கக் கூடாது. சிவில் கேக்கணும்" என்றார்.

"அப்ப இந்தத் தளபதி பண்றது தப்புதானே?"

"கேக்க வேண்டியவ வாயத் தொறக்கலன்னா அவன் என்னம்மா பண்ணுவான்?" என்று டிவியைக் காட்டினார்.

அது கிழக்குச் சுரங்கம் வந்த பகுதி. கண்ணாடிக் கூரையின் கிழக்குப் பக்கம் ஒரு சுரங்கம், அதில் காற்று கசிகிறது. உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். கதவை மூடினால் ஊர் பிழைக்கும், அவர்கள் சாவார்கள். தளபதி ஒலிபெருக்கியில் தலைவியைக் கேட்கிறார், மூடவா என்று. தலைவி உதட்டைக் கடிக்கிறாள். கண் கலங்குகிறாள். கடைசியில், "தாங்களே முடிவு செய்யுங்கள் தளபதியாரே" என்கிறாள். கதவு மூடுகிறது.

நான் அன்று போட்ட சத்தத்தில் மாமியார் அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டார். "இவ எதுக்கு அந்த நாற்காலியில ஒக்காந்திருக்கா? மூடுன்னு சொல்லணும், இல்ல மூடாதன்னு சொல்லணும். ரெண்டும் சொல்ல முடியலன்னா எந்திரிச்சிப் போவணும்!" என்று கத்தினேன். மாமனார் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. எங்கள் ஊராட்சியில் மேலப் பக்கம் நாங்கள் இருக்கிறோம். ஒன்றரைக் கிலோமீட்டர் கிழக்கே, தாழ்வில், கீழப்பிடாகை என்கிற குடியிருப்பு. ஆற்றுத் தண்ணீர் திறந்து வாய்க்காலில் வரும்போது எங்களுக்கு முதலில் வரும், அவர்களுக்குக் கடைசியில் வரும். அதனால் நாங்கள் சம்பா நட்டு ஒரு மாசம் கழித்துத்தான் அவர்கள் நடுவார்கள். மழை வெள்ளமோ எங்களிடமிருந்து வடிந்து அவர்கள் தலையில்தான் இறங்கும். தண்ணீர் வரவேண்டிய நேரத்தில் கடைசி, வரக்கூடாத நேரத்தில் முதல். இதைக் கிராமசபையில் அவர்கள் ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவோம்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே வடிகாலுக்குக் குறுக்கே ஒரு வண்டிப்பாதைக் கரை போகிறது. அதன் அடியில் ஒரு மதகு. அந்த மூன்றாம் நாள் காலையில் மதகு வெங்காயத்தாமரைச் செடிகளால் அடைத்துக்கொண்டது. மேலப் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மதகில் இறங்கி வெங்காயத்தாமரையை இழுத்துப் போட்டால் தண்ணீர் மெல்ல வடியும், ஒருநாள் கூடுதலாக ஆகும். கரையையே வெட்டிவிட்டால் ஒரேயடியாக வடிந்துவிடும். வெட்டுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. கீழே ஆள் அனுப்பிச் சொல்லி, அவர்கள் தங்கள் மடைகளில் மண்மூட்டை அடுக்கி முடித்து, அங்கிருந்து ஒரு ஆள் வந்து கரையில் நின்ற பிறகுதான் மண்வெட்டி விழ வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் அதுவரை யாரும் மீறியதில்லை.

நான் போனபோது கரையில் நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். மாமனார் முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். எங்களுடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலமும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்தது. பயிர் இடுப்பு உயரம், நுனி வெளியே தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். கீழப்பிடாகைப் பயிர் ஒரு சாண்தான் இருக்கும் என்பதும் தெரியும். கீழப்பிடாகை வார்டு மெம்பருக்கு மூன்று தடவை போன் போட்டேன். டவர் இல்லை.

"மெம்பருக்குப் போன் போவல" என்றேன்.

"போன் போவலன்னா பயிரு முழுவாம இருக்குமா?" என்றார் ஒருவர். "வெட்டுங்கப்பா, நேரத்தப் போக்காதீங்க" என்றது இன்னொரு குரல்.

மாமனார் கையைத் தூக்கினார். சத்தம் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, வீட்டில் ஒருநாளும் சொல்லாத மரியாதையோடு கேட்டார்.

"தலைவர் நீங்க. சொல்லுங்க. வெட்டலாமா?"

ஒரு மணி நேரம் பொறுங்கள், ஆள் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வாய்வரை வந்தது. நாற்பது ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னிலையில் மாமனாரைப் பார்த்து, பொறுங்கள் என்று ஒரு மருமகள் எப்படிச் சொல்வாள்? அவர் வெட்ட நினைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நினைப்பதற்கு எதிராகப் பேசி அவருக்குத் தலைகுனிவு உண்டாக்கக் கூடாது என்று பட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வண்டி வாங்குவதற்கும், நாத்தனார் சீருக்கும், கொல்லையில் எந்த மரத்தை வெட்டுவது என்பதற்கும் என்ன சொல்லி வந்தேனோ அதுவே வாயில் வந்தது.

"நீங்க பாத்து செய்யுங்க மாமா."

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு திரும்பி, "வெட்டுங்க" என்றார்.

வெட்டின இடத்தில் தண்ணீர் பாய்ந்த சத்தம் வீடுவரை கேட்டது. சாயங்காலத்துக்குள் எங்கள் வயலில் பாதி தண்ணீர் வடிந்துவிட்டது. அதே சாயங்காலம் கீழப்பிடாகையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மண்ணும் சேறுமாக வாசலில் நின்றார்கள். உள்ளே வாங்க என்று சொன்னதற்கு வரவில்லை. முந்நூறு மாவுக்கு மேல் முழுகிவிட்டது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூட்டை போட்டிருப்போமே என்றார்கள். அவர்கள் பேசியது மாமனாரைப் பார்த்து. நான் கதவோரம் நின்றேன்.

மாமனார் எழுந்து நின்றார். "தலைவர கேட்டோம். தலைவர் சொன்னாங்க. வெட்டுனோம்" என்றார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் போனதும் மாமனாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் எப்ப மாமா வெட்டச் சொன்னேன்?"

"பாத்து செய்யுங்கன்னு சொன்னியே?"

"அது வெட்டுங்கன்னு சொன்னதா?"

"வெட்டாதீங்கன்னு சொன்னதாம்மா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அத்தன பேரு நின்னான். நான் எதுக்கு ஒன்னக் கேட்டேன்? நீ பொறுங்கன்னா பொறுத்திருப்பேன். எவன் மண்வெட்டி தூக்குறான்னு பாத்திருப்பேன்."

அதைக் கேட்டதும் என் கோபம் இரண்டு மடங்கானது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. பொறுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அந்தக் கரையில் நாற்பது பேரையும் தனி ஆளாகத் தடுத்து நிறுத்தியிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இத்தனை வருஷமாக ஃபைலைப் படித்தவர் இவர், கரையில் நடுவில் நின்றவர் இவர், பழி மட்டும் எனக்கா? அடுக்களையில் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்தேன். கணவருக்குப் போன் போட்டு அழுதேன். அவர், "விடும்மா, அப்பாதானே" என்றார். போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கீழப்பிடாகைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. விஏஓ வருவார், அவரோடு போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு மணிக்கு மாமனார் டிவி போட்டார். நிலவில் தலைவியை அவையில் நிறுத்தி, கிழக்குச் சுரங்கத்தை மூடச் சொன்னது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள், தான் சொல்லவில்லை என்றாள். தளபதியின் முடிவு என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டேன். மாமனாரும் அன்று எந்தக் கட்சியும் பேசவில்லை என்று மாமியார் சொன்னார்.

நான்காம் நாள் காலையில் தனியாகக் கிளம்பினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டே போனேன். நான் வெட்டச் சொல்லவில்லை, மாமனார் கேட்டார், அவரையே பார்த்துச் செய்யச் சொன்னேன், அவர் வெட்டிவிட்டார். வரிசையாக, தெளிவாக, ஒரு வார்த்தை பொய் இல்லாமல். கீழப்பிடாகை முழுக்கத் தண்ணீர் அசையாமல் நின்றது. வரப்பு எது வயல் எது என்று தெரியவில்லை.

முதலில் பார்த்தது ஒரு அம்மாவை. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். மூன்று மா குத்தகைக்கு எடுத்துத் தனியாகப் பயிர் வைத்திருந்தவர். முட்டித் தண்ணீரில் நின்று, வரப்பு இருக்கும் இடத்தைக் காலால் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார். நானும் தண்ணீரில் இறங்கினேன்.

"நீங்கதான் வெட்டச் சொன்னீங்கன்னாங்க" என்றார்.

நான் தயார் செய்ததைச் சொன்னேன். இல்லைக்கா, நான் சொல்லல, மாமாதான், நான் போன்கூட போட்டேன், டவர் இல்ல, பாத்து செய்யுங்கன்னுதான் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார்.

"சரி. ஒங்க மாமனாருதான் எல்லாம். நீங்க ஒன்னும் சொல்லல" என்றார். "அப்ப எலெக்ஷனப்ப எங்க வாசல்ல வந்து, எங் கையப் புடிச்சிக்கிட்டு ஓட்டுப் போடுங்கக்கான்னு கேட்டது யாரு? அவரா வந்தாரு?"

குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டேன். பயிர் விரலில் தட்டுப்பட்டது. லேசாகத்தான் இழுத்தேன். நாலு நாள் முழுகிக் கிடந்த பயிர், வழவழவென்று, வேரை விட்டுக் கையோடு வந்தது. ஒரு சாண்கூட இல்லை.

"நான்தான்க்கா" என்றேன். "வெட்டச் சொன்னது நான்தான். ஆள் அனுப்பிருக்கணும். ஒரு மணி நேரம் பொறுங்கன்னு சொல்லிருக்கணும். தெரிஞ்சும் சொல்லல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? நாலு நாளா யாரத் திட்டறதுன்னே தெரியாம கெடந்தேன்" என்றார். திட்ட ஆரம்பித்தார். மூன்று தடவை விதை விட்டு நாற்று காய்ந்தது, நடவுக்கு ஆள் கிடைக்காமல் தானே நட்டது, பம்புசெட்டுக்காரனிடம் கெஞ்சித் தண்ணீர் பாய்ச்சியது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லித் திட்டினார். என் வாயை, என் படிப்பை, என் பதவியை, என் குலத்தை, ஒன்றையும் விடவில்லை. குரல் கேட்டுப் பக்கத்து வயல்காரர்கள் வரப்பைத் தேடித் தேடி மிதித்து வந்து நின்றார்கள். அவர்களுக்கும் சொல்ல நிறைய இருந்தது. அழுகிய பயிரைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி ஆள் பேசி முடிக்கிற வரைக்கும் தண்ணீரிலேயே நின்றேன்.